இரும்பு உரலில் பாரோக்களின் தங்கம்

மனித குலத்துக்குக் கொடுப்பதற்காகவே பாலைவனம் மூவாயிரம் ஆண்டுகளாகத் தன் மடியில் பொன்னைப் பொத்தி வைத்துக் காத்திருந்தது. இன்ஜினியர் ஸ்பதாரோ அப்படித்தான் சொல்வார்; சொல்லும்போது மார்பில் கை வைத்துக்கொள்வார். காத்திருந்த பாலைவனம் இப்போது சில சாக்குகளில், இத்தாலியத் துறைமுக நகரொன்றின் கால்சாப் பகுதியிலுள்ள அவர் வீட்டுக் குளியலறைக்குப் பக்கத்தில் கிடந்தது. சோதிலிங்கம் அதை இரும்பு உரலில் போட்டு இடித்துக்கொண்டிருந்தான்.

ஸ்பதாரோ நகரத்துச் சாக்கடைக் குழாய்களை வரைந்து ஓய்வுபெற்றவர். சூடான் பாலைவனத்தில் பாரோ மன்னர்களின் ஆட்கள் தோண்டிவிட்டுப் போன சுரங்கமொன்றுக்குள் கடந்த குளிர்காலத்தில் தவழ்ந்து போய்க் கல் பொறுக்கி வந்திருந்தார். பழையவர்கள் கண்ணுக்குத் தெரிந்த தங்கத்தைத்தான் எடுத்தார்கள், தெரியாததை இக்கால விஞ்ஞானம் எடுக்கும் என்பது அவர் கட்சி. கல்லை மாவாக்கி, வடக்கே ஒரு பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். மாவாக்கும் விஞ்ஞானம், அவர் வீட்டைத் துடைத்துச் சமைத்து இஸ்திரி போடும் சோதிலிங்கத்தின் தலையில் விழுந்தது.

"கல்லில் தங்கம் இருந்தால் கம்பெனி தொடங்குவேன், உனக்கும் கையெழுத்துப் போடுவேன். இல்லையென்றால் வீட்டை விற்றுவிட்டு மிலானோவில் தங்கையோடு போய் இருந்துவிடுவேன்" என்றிருந்தார்.

அந்தக் கையெழுத்தில்தான் சோதிலிங்கத்தின் உயிர் தொங்கியது. தொண்ணூற்றாறாம் ஆண்டு, பேப்பர் இல்லாதவர்களுக்கு அரசாங்கம் மன்னிப்பு அறிவித்திருந்த சமயம். முதலாளி ஒருவர் வேலை தருவதாகக் கையெழுத்திட்டால் குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்தில் பெர்மெஸ்ஸோ, அதாவது தங்கும் அனுமதி, கிடைக்கும். கையெழுத்து இல்லாவிட்டால் பொலிஸைக் கண்டு தெருத் தெருவாக ஒதுங்கித் திரிய வேண்டியதுதான்.

பரிசோதனைக்கூடம் ஒரு நிபந்தனை வைத்திருந்தது: இடிப்பவர் கையில் மோதிரம், காப்பு ஒன்றும் இருக்கக்கூடாது. சோதிலிங்கத்தின் கையில் இருந்ததோ ஏழரைச் சனிக்குக் கொழும்புச் சாத்திரியார் மந்திரித்துக் கொடுத்த தங்க மோதிரம். பேப்பர் கைக்கு வரும்வரை கழற்றவே கூடாது என்பது அவர் கட்டளை.

"இடிக்கேக்கை மட்டும் கழட்டி வையுங்கோவன் அப்பா" என்றாள் மனைவி இந்திராதேவி.

"நீர் சும்மா இரும். கழட்டினா சனியன் கதிரை போட்டு இருந்திடுவான்."

"அந்தாள் கேட்டா?"

"கேட்டவர். கழட்டிப்போட்டன் எண்டு சொல்லிப்போட்டன்."

முதல் சாக்கின் முடிவு வந்தது. தங்கம்! ஸ்பதாரோ உறவுக்காரரைக் கூட்டி, பாதி உடைந்த பால்கனியில் நின்று தாளை வாசித்தார். கோப்பித் தட்டோடு நின்ற சோதிலிங்கத்தை "என் ஆய்வுத் துணைவர்" என்று சுட்டிக்காட்டினார். அந்தச் சூட்டிலேயே பெர்மெஸ்ஸோவுக்கான கையெழுத்தையும் போட்டார்.

அடுத்த சனிக்கிழமை வுச்சீரியாச் சந்தையில் மீன் வாங்கும்போது சோதிலிங்கம் நண்பன் அகஸ்ரினிடம், "இப்ப நான் கனிமவள ஆராய்ச்சியிலை எல்லோ இருக்கிறன்" என்றான்.

"ஓமோம் டாக்குத்தர்" என்றான் அகஸ்ரின். "உரலும் உலக்கையும் ஆராய்ச்சிச் சாமான் எண்டு தெரியாமல் என்ரை மனிசி அதிலை மிளகாய் இடிக்கிறாள்."

இரண்டாம் சாக்கில் தங்கம் குறைந்தது. மூன்றாவதில் பேருக்கு இருந்தது. கடைசிச் சாக்கில் ஒன்றுமே இல்லை. ஸ்பதாரோ கலங்கவில்லை. முதல் சாக்கை நிரப்பிய இடத்தில்தான் பாரோக்கள் தங்கத்தைத் தனக்கென்று விட்டுப் போயிருக்கிறார்கள் என்று விளக்கி, மறுபடி பாலைவனத்துக்குப் பெட்டி கட்டத் தொடங்கினார்.

அதே வாரம் பெர்மெஸ்ஸோ வந்தது. சோதிலிங்கம் சாமிப்படத்தின் முன் விழுந்து கும்பிட்டு, மோதிரத்தைக் கழற்றினான்.

"இஞ்சேருங்கோ, விரல் ஏன் பச்சையாக் கிடக்கு?" என்றாள் இந்திராதேவி. மோதிரத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "இது பித்தளை எல்லோ! மேலை தங்கத்தைப் பூசியிருந்திருக்கிறான் படுபாவி."

சோதிலிங்கம் உட்கார்ந்துவிட்டான். சாக்குக்குச் சாக்கு பாலைவனத்தில் குறைந்துகொண்டு வந்தது எது என்று இப்போது விளங்கியது.

"போய்ச் சொல்லுங்கோ. வயசுபோன மனிசன், வெய்யிலுக்கை போய்ச் சுருண்டு விழும்."

"சொன்னா வேலையாலை கலைப்பார். பிறகு பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க ஆர் கையெழுத்து வைக்கிறது?"

ஸ்பதாரோவின் பாலைவனச் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டபடி இரண்டு நாள் யோசித்தான். பொய் சொன்னவன் தான்தான். ஆனால் அந்தப் பொய்யில்லாமல் இந்தப் பேப்பர் வந்திராது. சாத்திரியாரின் மோதிரம் சொன்னபடியே வேலை செய்துவிட்டது என்றும் சொல்லலாம். இதில் யார் யாரை ஏமாற்றியது என்று கணக்குப் பார்க்கப் பார்க்கச் சட்டைக் கொலர் கருகியது.

ஸ்பதாரோ புறப்படும் நாளில் மோதிரத்தை மேசையில் வைத்தான். "இதைக் கழற்றாமல்தான் இடித்தேன், சினியோரே. அந்தத் தங்கம் இதனுடையது."

ஸ்பதாரோ பூதக்கண்ணாடியை எடுத்தார். மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, பிள்ளையை மன்னிப்பவர்போலச் சிரித்தார்.

"சோதி, இது பித்தளை. தங்கமே இல்லாத மோதிரத்திலிருந்து தங்கம் எப்படி வரும்? விஞ்ஞானத்தை என்னிடம் விட்டுவிடு."

மேலே பூச்சு இருந்தது என்ற வார்த்தை சோதிலிங்கத்தின் நாக்கு நுனிவரை வந்தது. இத்தாலிய மொழியில் அதற்குரிய சொல்லும் அவனுக்குத் தெரியும். அதை விழுங்கிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் டாக்சியில் வைத்தான். அவன் விரல் இன்னும் பச்சையாகவே இருந்தது.