மச்சான் கையில் பெருக்கல் குறி

எங்கள் பாட்டு அரங்கின் வாசலில் காவல் நிற்பவன் நான். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளையும் கச்சேரிக்கு விடலாம் என்று முதலாளி முடிவெடுத்ததும், அவர்கள் புறங்கையில் பெருக்கல் குறி போடுவது என் தலையில் விழுந்தது. குறி இருந்தால் பார் கவுண்டரில் ஜூஸ் மட்டும்தான்.

"பிள்ளைங்க கெட்டுக் குட்டிச்சுவராப் போகும்!" என்று, மகளோடு வந்த என் மச்சான் வாசலை மறித்துக் கத்தினார். வரிசை நகரவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் கையிலும் ஒரு குறியைப் போட்டு உள்ளே தள்ளிவிட்டேன்.

சற்று நேரத்தில் உள்ளே ஒரே ரகளை. பீர் கேட்ட மச்சானிடம் ஆரஞ்சு ஜூஸை நீட்டியிருக்கிறாள் கவுண்டர்காரி. நான் ஓடிப்போனபோது மகள் அவளைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சிடுங்கக்கா. சேர்க்கை சரியில்ல, அப்பா கெட்டுப்போயிட்டாரு. இனிமே கூட்டிட்டு வரமாட்டேன்."