அழுக்குப் பக்கத்து ஆட்கள்

நல்லூரானும் டென்மார்க்கின் ஹேர்னிங் நகரசபையும் சாட்சியாகச் சொல்கிறேன்: இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பொய்யென்றால் என் ஓய்வூதியம் இந்த மாதத்தோடு நின்றுபோகட்டும்.

விடியாத மார்கழிக் காலை. ஆஸ்பத்திரி லொறி எங்கள் சலவைத் தொழிற்சாலையின் பின்பக்கம் வந்து நின்றதும் செல்வமலர் முதல் மூட்டையைத் தோளால் முட்டி இறக்குவாள். இரத்தமும் சீழும் சலமும் ஊறிய படுக்கை விரிப்புகள். முடிச்சை அவிழ்த்தால் புழுங்கிய வெக்கை முகத்தில் அடிக்கும். உதறி, பிரித்து, மிசினுக்குள் திணிக்க வேண்டும். மிசின்கள் ஒரு நீளச் சுவருக்குள் புதைந்திருக்கும். இந்தப் பக்கக் கதவால் அழுக்குப் போகும், அந்தப் பக்கக் கதவால் வெள்ளை வரும். அழுக்குப் பக்கத்தில் கால் வைத்தவர் சுவரின் நடுக்கதவால் சுத்தப் பக்கம் போவதென்றால் குளித்து உடுப்பு மாற்ற வேண்டும். கிருமிக்காக வைத்த விதி. எங்கள் முதலாளி சிவானந்தனுக்கோ அது வானத்திலிருந்து இறங்கிய வரம்.

வேலை கேட்டு வருபவரிடம் அவர் வேலை தெரியுமா என்று கேட்டதேயில்லை. "ஊரிலை எவடம்? எந்தக் கோயிலடி? அம்மான்ரை பேர் என்ன?" மூன்றாவது கேள்வி முடியமுன் ஆளின் பக்கம் தீர்ந்துவிடும். சுத்தப் பக்கத்தாருக்கு "வாங்கோ", அழுக்குப் பக்கத்தாருக்கு "வா". டேனிஷ்காரன் பீற்றரையும் விடவில்லை. மேற்குக் கரையில் மீன்பிடி ஊர், பாட்டன் வள்ளம் வைத்திருந்தவர் என்று அவன் பெருமையாகச் சொன்னான். சிவானந்தன் யோசிக்கவேயில்லை, அழுக்குப் பக்கத்தில் போட்டார். அங்கே நின்று நின்று பீற்றர் யாழ்ப்பாணத் தமிழ் முழுவதும் படித்துவிட்டான். தன்னை ஏன் அங்கே விட்டார்கள் என்பதை மட்டும் யாரும் அவனுக்குப் படிப்பிக்கவில்லை.

வருடா வருடம் மாவீரர் நாளில் மேடை ஏறுபவரும் இதே சிவானந்தன்தான். "போராட்டம் சாதியை வேரோடை புடுங்கிப்போட்டுது!" என்று மைக் அதிர முழங்குவார். செல்வமலரின் தமையன் படத்துக்குத் தன் கையாலேயே மாலை போடுவார். செத்தவனுக்கு ரோசாப்பூ. அவன் தங்கைக்கு மூத்திரத் துணி.

போர்க்காலத்தில் அந்த வேர் எப்படிப் புடுங்கப்பட்டது என்று கேளுங்கள். ஷெல்லடி தொடங்கியபோது சிவானந்தன் வீட்டு வளவில் பங்கர் வெட்டியவர்கள் செல்வமலரின் தகப்பனும் தமையனும். பங்கருக்கு இரண்டு வாசல். முன்வாசல் வீட்டுக்காரருக்கு, பின்வாசல் வெட்டியவர்களுக்கு, நடுவில் ஓலைத் தட்டி. ஒருநாள் பொம்பர் விமானம் தலைக்கு மேலே வந்துவிட, செல்வமலர் வீட்டார் பதறி முன்வாசலால் இறங்கிவிட்டார்கள். சிவானந்தனின் தகப்பனார் உள்ளே வர மறுத்துவிட்டார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெட்டவெளியில் நின்றார். பொம்பர் தாழப் பறந்து, அவரைச் சுற்றி வந்து, விசாரித்து, விசயம் விளங்கியதும் குண்டைத் திருப்பிக்கொண்டே போய்விட்டது. அடுத்த கிழமை செல்வமலரின் தமையன் இயக்கத்துக்குப் போனான். சிவானந்தன் டென்மார்க்குக்குப் போனார்.

இந்த மார்கழியில்தான் விரிப்புக்குள் கிடந்த ஊசி செல்வமலரின் கையுறையைத் துளைத்து உள்ளங்கையில் இறங்கியது. யார் இரத்தம், என்ன நோய், ஒன்றும் தெரியாது. சோதனை முடிவுக்குப் பொறுத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். அதுவரை தன் பேரனைத் தொட்டுத் தூக்கவே அவளுக்குப் பயம்.

மறுநாள் விடிய அவளும் பீற்றரும் மற்றவர்களும் நீல வேலையுடுப்போடு மூட்டையில் கை வைக்காமல் நின்றார்கள். சிவானந்தன் பளபளக்கும் சப்பாத்தோடு வந்து, அழுக்குப் பக்க வாசலுக்குள் மூக்கைப் பொத்திக்கொண்டு நுழைந்தார்.

"என்ன, இஞ்சை கோயில் திருவிழாவே?"

"ஊசி இறங்காத தடிச்ச கையுறை வேணும் முதலாளி," என்றாள் செல்வமலர். "கிழமைக்குக் கிழமை பக்கம் மாத்தியும் விடவேணும். எப்பவும் நாங்களே ஏன் இதுக்குள்ளை நிக்கிறது?"

"சுத்தப் பக்கத்து வேலைக்கு ஒரு பழக்கம் வேணும் பிள்ளை. அது உனக்கு வராது."

"துணி மடிக்கிறதுக்கே?"

"வாய் காட்டாதை. உன்ரை தமையனுக்கு நான் போடுற மாலையை நினைச்சுப் பார்."

"அவனுக்குப் போடுறதை நிப்பாட்டிப்போட்டு எங்களுக்குக் கையுறை போடுங்கோ. அவன் கோவிக்கமாட்டான்."

பீற்றர் முன்னுக்கு வந்தான். "அண்ணை, என்னை ஏன் இஞ்சை விட்டனீங்கள்? அங்காலை ஆள் காணாதெண்ட நேரமும் விடேல்லையே."

சிவானந்தன் கூரையைப் பார்த்தார். செல்வமலர்தான் சொன்னாள்: "உன்ரை பாட்டன் மீன் பிடிச்சவர், அதுதான்."

பீற்றர் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு முதலாளியின் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது. "தொழிற்சங்கத்துக்கு இதை நான் எப்பிடி டேனிஷிலை சொல்லுறது?" என்று கேட்டான்.

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. சுத்தப் பக்கத்துச் சனத்தைக் கொண்டு இண்டைய வேலையை முடிப்பன். உங்களை நாளைக்கு..."

அப்போது நடுக்கதவு திறந்தது. அந்தப் பக்கத்திலிருந்து யாரும் அந்தக் கதவால் வந்ததாகச் சரித்திரமில்லை. வந்தவள் சுசீலாதேவி, சிவானந்தன் மனைவியின் சொந்தத் தங்கை. பின்னால் சுத்தப் பக்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் வெள்ளை உடுப்போடு ஈரத் தரையில் இறங்கினார்கள்.

"உமக்கு விசரே? திரும்பிப் போம்!" என்றார் சிவானந்தன்.

சுசீலாதேவி உள்ளங்கையை விரித்தாள். அதில் ஓர் ஊசி, தோய்த்தெடுத்த துணிபோலப் பளிச்சென்று கிடந்தது. "அத்தான், இது மிசினுக்குள்ளாலை எங்கடை பக்கம் வந்தது. மடிச்ச துணிக்குள்ளை கிடந்தது. இது எந்தக் கோயிலடி எண்டு ஒருக்கால் விசாரிச்சுச் சொல்லுங்கோ."

யாரும் சிரிக்கவில்லை.

சுவருக்கு அப்பால் மிசின்கள் ஒவ்வொன்றாகத் தோய்த்து முடித்து, கதவைத் திறக்கச் சொல்லிக் கூவத் தொடங்கின. திறக்க ஆளில்லை. சிவானந்தன் நடுக்கதவுக்குப் பாய்ந்தார். பீற்றர் குறுக்கே நின்று, மிகுந்த மரியாதையோடு சொன்னான்: "குளிச்சிட்டுத்தான் போகலாம், அண்ணை. இப்ப நீங்களும் அழுக்குப் பக்கம்."

மாற்றுடுப்பு கொண்டுவராத முதலாளி, மூக்கைப் பொத்திய கையை எடுக்காமல், ஒரு மூட்டைக்கும் இன்னொரு மூட்டைக்கும் நடுவில் நின்றார். பொம்பர் ஒன்றும் வரவில்லை.

கையுறை வரவில்லை. பக்கம் மாறும் பேச்சுக்குப் பதிலில்லை. செல்வமலரின் இரத்தச் சோதனை முடிவும் வரவில்லை. வெளியே பனியில் லொறிகள் வரிசையாகக் காத்து நின்றன. சுசீலாதேவி ஒரு மூட்டையை இழுத்துப் போட்டு, செல்வமலரைப் பக்கத்தில் இருத்தி, "தள்ளி இரும் மச்சாள், இன்னும் ஆக்கள் இருக்கவேணும்," என்றாள். மற்றவர்களும் நெருக்கிக்கொண்டு குந்தினார்கள். வெள்ளை உடுப்பு எது, நீல உடுப்பு எது என்று பிரிக்க முடியாதபடி இருந்தார்கள். ஒருவரும் எழும்பவில்லை.

சிவானந்தன் என் கூடப்பிறந்த தம்பி. ஊர்க் காணியின் வேலி எல்லைக்காக எங்கள் இருவருக்கும் இன்னமும் வழக்கு நடக்கிறது.