ஒஸ்ரின் காரில் ஒக்ஸ்போட் மீற்றர்

1

இந்தக் கதை என் தமையன் சொன்ன ஒரு வாக்கியத்தில் பிறந்தது. அவர் கார் திருத்துகிறவர்; கதை வாசிக்காதவர். "ஒஸ்ரின் காருக்கு மொறிஸ் ஒக்ஸ்போட்டின்ரை மீற்றரைப் பூட்டினால் கார் ஓடும். ஆனால் மீற்றர் தன்ரை பழைய காரிலை இருக்கிறமாதிரித்தான் கணக்குக் காட்டும்" என்றார். அவர் பேசியது கார்ச் சில்லின் அளவையும் பற்சக்கரத்தையும் பற்றி. எனக்கோ, புகுந்த வீட்டிலும் பிறந்த வீட்டுக் கணக்கிலேயே உப்புப் போடும் ஒரு பெண்ணின் முகம் தெரிந்தது. குடும்பக் கதை எழுதிப் பழகிய கை.

(அந்தப் பெண் இந்தக் கதையில் இல்லை. காத்திருந்து பார்த்தேன், வரவில்லை.)

2

முதல் தொடக்கம்: "செம்மண் தோட்டங்களின் மேல் பனி விலகிக்கொண்டிருந்தபோது சீவரத்தினத்தின் கார்..."

வேண்டாம். பனியை ஏற்கெனவே நாலு கதைகளில் விலக்கிவிட்டேன்.

இரண்டாவது: வருடம் 1973. வெளிநாட்டிலிருந்து கார்ச் சாமான்கள் வருவது நின்றுபோயிருந்தது. புத்தூரில் வாடகைக் கார் ஓட்டும் சீவரத்தினத்தின் ஒஸ்ரினில் மீற்றர்ப் பெட்டி மொத்தமாகச் செத்தது. வேக ஊசி, மைல் எண்கள், பெற்றோல் முள் எல்லாமே. ஒஸ்ரின் மீற்றர் எங்கும் கிடைக்கவில்லை. மரத்தில் மோதிக் கிடந்த ஒரு மொறிஸ் ஒக்ஸ்போட்டிலிருந்து ஒன்றைக் கழற்றி வந்து, தன் காரின் மீற்றர் ஓட்டையை அரத்தால் ராவிப் பெரிதாக்கிப் பூட்டினான். பெற்றோல் முள் மட்டும் அன்று முதல் அரைத் தாங்கிக்கு மேலும் போகவில்லை, கீழும் வரவில்லை. மற்றவை ஓடின.

இது போதும்.

3

மீற்றர் இல்லாமல் ஓடியிருக்கலாமே என்பீர்கள். நாகலிங்கத்தார் விட்டிருக்கமாட்டார். அவருடைய மகள் பராசக்தி இணுவிலில் கணக்குப் படிப்பிக்கிறாள். ஓய்வுக்குக் கிட்டிய பாலேஸ்வரி ரீச்சரும் அவளும் தினமும் இந்தக் காரில்தான் போய்வருகிறார்கள்.

"தம்பி, முப்பதுக்கு மேலை ஓடக்கூடாது. மீற்றர் இல்லாத காரிலை என்ரை பிள்ளை ஏறமாட்டாள்."

"ஓம் ஐயா. ஊசி முப்பதைத் தாண்டாது."

தாண்டவில்லை. ஆனால் புது மீற்றர் வந்த பிறகு பயணம் நீண்டது. [ஒரு சைக்கிள்காரன் மணியடித்து முந்திப் போகிறான்.]*

* வெட்டப்பட்டது. "சைக்கிள் முந்திற அளவுக்குப் பிழைக்காது. கால்வாசி கூடக் காட்டும். சும்மா புளுகாதை" என்றார் அண்ணை.

கால்வாசியே போதுமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் மணியடித்ததும் வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு கீறிவிடுவார்கள். அதற்குக் கீழே பராசக்தியின் கையெழுத்து அடிக்கடி விழுந்தது. அதிபர் எச்சரித்தார். நாகலிங்கத்தார் முடிவெடுத்தார்: "திங்கட்கிழமையிலை இருந்து நமசிவாயத்தின்ரை கார் வரும்."

பராசக்திக்கு அந்தக் காரை விட மனமில்லை. காரை என்றா எழுதினேன்? மழை நாளில் அவள் கால் வைக்கும் பக்கத்தில் வெள்ளம் நிற்காத இடமாகப் பார்த்து நிறுத்துவான் சீவரத்தினம். பாலேஸ்வரி ரீச்சரின் பக்கத்தில் கணுக்கால் வெள்ளம் நிற்கும். இதைப்பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. பாலேஸ்வரி ரீச்சர் நிறையக் கதைத்திருக்கிறார்.

4

வியாழக்கிழமை பராசக்தி கண்டுபிடித்தாள். ஒரு மைல்கல்லிலிருந்து அடுத்த மைல்கல் வருவதற்குள் மீற்றரின் எண்கள் ஒன்றேகால் மைல் உருண்டிருந்தன. கணக்கு ரீச்சருக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஊசி முப்பதில் நிற்கும்போது கார் இருபத்துநாலில்தான் ஓடுகிறது.

சீவரத்தினத்துக்கு இது தெரியுமா?

இங்கேதான் நான் பல நாள் நின்றேன். தெரிந்திருந்தால் அவன் வேண்டுமென்றே பயணத்தை நீட்டுகிறவன். தெரியாவிட்டால் கொடுத்த சொல்லுக்காக ஊசியையே பார்த்துக்கொண்டிருக்கும் அப்பாவி.

அண்ணை சொன்னார்: "இத்தனை வருசம் ஓட்டினவனுக்குக் கால் சொல்லாதோ? உவன் சரியான கள்ளன்."

அண்ணி சொன்னார்: "வாக்குக் குடுத்தவன் ஊசியைத்தானே பார்ப்பான். பாவம்."

கள்ளன், அப்பாவி இருவரில் எவனைக் கட்டலாம் என்று கேட்டேன். அண்ணி அண்ணையை ஒருதரம் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

5

வெள்ளிக்கிழமை. கடைசி ஓட்டம்.

"உங்கடை மீற்றர் கூடக் காட்டுது" என்றாள் பராசக்தி.

கண்ணாடியில் அவனுடைய கண்கள் அவளைத் தொட்டுவிட்டுத் தெருவுக்குத் திரும்பின.

"எவ்வளவு, ரீச்சர்?"

"கால்வாசி."

["தெரியும்" என்றான்.]

["அப்பிடியோ, நான் கவனிக்கேல்லை" என்றான்.]

இரண்டையும் எழுதினேன், இரண்டையும் அடித்தேன். அவன் ஒன்றும் சொல்லாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறான். அவளும் தெரியுமா என்று கேட்கவில்லை. அது எனக்கே வியப்பு; கேட்கத்தான் அவளை உருவாக்கினேன்.

பாலேஸ்வரி ரீச்சர் சும்மா இருக்கவில்லை. "இதென்ன பெரிய கணக்கே? ஊசியை முப்பத்தேழுக்கு விடும் தம்பி. எல்லாம் சரி."

"விடலாம்" என்றான் சீவரத்தினம். கால் அழுத்தவில்லை.

"வேண்டாம்" என்றாள் பராசக்தி. "ஊசி முப்பதிலையே நிக்கட்டும். திங்கட்கிழமை கால் மணித்தியாலம் முந்தி வாங்கோ."

"திங்கள் நமசிவாயம் அண்ணையின்ரை கார் எல்லோ, ரீச்சர்?"

"அப்பாவோடை நான் கதைக்கிறன்."

"கால் மணித்தியாலம் முந்தியோ? அப்ப நான் எப்ப புட்டு அவிக்கிறது?" என்றார் பாலேஸ்வரி ரீச்சர்.

6

ஞாயிறு பின்னேரம். நாகலிங்கத்தார் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். பராசக்தி தேநீர் கொடுக்கிறாள். வழக்கமாக உடனே உள்ளே போய்விடுகிறவள் இன்று நிற்கிறாள்.

"அப்பா, ஒரு விசயம் கதைக்கவேணும்."

"கார் விசயமோ?"

"காரும்தான்."

அவர் நிமிர்ந்து மகளைப் பார்க்கிறார்.

இதற்குமேல் நான் எழுதினால் அவரை உருக வைத்துவிடுவேன், அல்லது சத்தம் போட வைத்து அடுத்த பக்கத்தில் உருக வைப்பேன். அவர் எப்படிப்பட்ட தகப்பன் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். கோப்பை இன்னும் அவர் கையில் இருக்கிறது, ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. அவள் காத்து நிற்கிறாள். தேநீர் ஆறுவதற்குள் அவரை ஏதாவது சொல்ல வையுங்கள்.