பாலத்து இறக்கம்

ரயில் பாலத்தின் உச்சியில் ஸ்கூட்டர் திடீரென்று மூச்சை நிறுத்திக்கொண்டதும் பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்குப் பகீரென்றது. போச்சு, இன்றைக்கு வேலை பார்க்கிற கண்ணாடிக்கடைக்குப் போய்ச் சேர்ந்த மாதிரிதான், இந்த வெயிலில் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும் என்று கணவரின் தோளைப் பிடித்தாள். வண்டியோ நிற்கவில்லை. மறுபக்கத்து நீண்ட இறக்கத்தில் தன்பாட்டுக்கு உருண்டுகொண்டிருந்தது. "ஒண்ணும் இல்ல, நான்தான் ஆஃப் பண்ணேன்" என்றார் அவர். "பெட்ரோல் விக்கிற விலைக்கு இறக்கத்துலயும் எதுக்கு எஞ்சின் ஓடணும்?" கத்தவில்லை, சாதாரணக் குரலில்தான் சொன்னார். இந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று அவளுக்குச் சட்டென்று தோன்றியது. "ம்" என்றாள். அதற்குள் இறக்கம் முடிந்துவிட்டது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் தலையை நீட்டி, மேல் மாடியில் நிற்கிறவனிடமும் கீழே நிற்கிறவனிடமும் தொண்டை கிழியக் கத்துகிற வேலை. வீட்டுக்கு வந்துவிட்டால் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். திறந்தாலும் பெரிய பிரயோசனம் இல்லை. மாமனாருக்குக் காது மந்தம், கூடத்தில் அவருடைய டி.வி. அலறிக்கொண்டே இருக்கும். இரண்டே அறை வீட்டில் அந்தச் சத்தத்துக்கு மேலே ஒன்று சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர்கள் பதில் சொல்வார்கள். அதனால் ஊருக்கே கேட்டாலும் பரவாயில்லை என்கிற விஷயங்கள் மட்டும்தான் அங்கே பேசப்பட்டன. தண்ணி வந்துச்சா, கேஸ் தீந்துபோச்சு, மாமா மாத்திரை போட்டாச்சா. மற்றதெல்லாம் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போய், எப்போது நின்றது என்றே தெரியாமல் நின்றுபோனது. சண்டையும் கிடையாது, கோபமும் கிடையாது. அப்படி ஏதாவது இருந்திருந்தாலாவது சமாதானம் என்று ஒன்று வந்திருக்கும்.

சண்டை எங்கோ வேறு இடத்தில் நடந்துகொண்டிருந்தது. கண்காணாத ஒரு கடலில் குறுகலான ஒரு வழி, அதில் எண்ணெய்க் கப்பல்கள் போகக்கூடாது என்று ஒரு நாடு மறித்தது. அப்படியானால் உன் எண்ணெயை ஒருத்தனும் வாங்கக்கூடாது என்று இன்னொரு நாடு மிரட்டியது. மாமனார் இதை அண்ணன் தம்பி சொத்துத் தகராறு மாதிரி ராப்பகலாகக் கவனித்துவந்தார். "பெரியவன் கொஞ்சம் விட்டுக்கொடுத்தா என்ன கொறஞ்சு போயிடுவானா?" என்று டி.வி.யைப் பார்த்துச் சத்தம் போடுவார். இங்கே தெருமுனை பெட்ரோல் பங்க்கில் விலைப்பலகை வாரம் தவறாமல் ஏறியது. கணவருக்கு மைலேஜ் பித்துப் பிடித்தது. டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று தினமும் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். எவன் ஹாரன் அடித்தாலும் அசராமல் நாற்பதுக்கு மேல் முறுக்குவதில்லை. சீட்டுக்கு அடியில் கிடந்த ஸ்பேனர், பழைய ரெயின்கோட் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப்போட்டார். கனம் குறைய அடுத்து நம்மைத்தான் இறக்கிவிடப்போகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இறக்கிவிடவில்லை. தினமும் காலையில் பாலத்து உச்சியில் சாவியைத் திருப்புவார். ஹெல்மெட் கண்ணாடியை மேலே தூக்கிவிடுவார். சக்கரம் உருளுகிற சத்தமும் காற்றும் மட்டும் இருக்கும். முதலில் ஒன்றுக்கும் உதவாத பேச்சுதான் வந்தது. அந்த மாடி வீட்டுக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்திருக்கிறான் என்பார். அவளும், அந்தக் கலரில் யாராவது வீட்டுக்கு அடிப்பார்களா என்பாள். பிறகு மெல்ல மெல்ல அவர் வேலையிடத்துக் கதைகள் வந்தன. லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு அம்மாள், கதவைத் திறக்கும்வரை வாய்விட்டுப் பாடிக்கொண்டிருந்தாராம். "திறந்ததும் நிறுத்திட்டாங்க. நான் கொஞ்சம் மெதுவா திறந்திருக்கலாம்" என்றார். அவள் சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது. கடையில் கண்ணாடி லென்ஸை ஃப்ரேமுக்குத் தேய்த்துப் பொருத்துகிறபோதும் அதே நினைப்புதான். நாளைக்கு என்ன சொல்லலாம் என்று அரைநாள் யோசிப்பாள். கட்டின புருஷனிடம் பேசுவதற்கு இப்படி ஒத்திகை பார்க்கிறோமே, வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று தன்னைத் தானே திட்டிக்கொள்வாள். ஆனாலும் யோசிப்பாள்.

ஒருநாள் இறக்கம் முடியப்போகிற இடத்தில் அவர் சொன்னார்: "கல்யாணத்துக்கு முன்னாடி உங்க கடைக்கு நான் ஒரு தடவ வந்திருக்கேன். உனக்குத் தெரியாது."

அவ்வளவுதான். கீழே சிக்னல் பச்சைக்கு மாறியது, பின்னால் பஸ் உறுமியது, எஞ்சினைப் போட்டுவிட்டார். அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. இது பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம், பெண் பார்க்க வந்த அன்றைக்குத்தான் அவரை முதலில் பார்த்தோம் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள். அதற்கு முன்பே வந்தாராமே, எதற்கு வந்தார்? அவருக்கு இன்றுவரை கண்ணாடி கிடையாது. கவுண்டரில் நின்ற தன்னைப் பார்த்தாரா, பேசினாரா, அன்றைக்குத் தலையாவது ஒழுங்காக வாரியிருந்தோமா? மண்டையைக் குடைந்தது. நாளைக் காலை வரட்டும், பாலத்தில் கேட்டுவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

மறுநாள் காலை மாமனார் கைதட்டிக்கொண்டே அடுப்படி வாசலுக்கு வந்தார். "கை குலுக்கிட்டானுங்கம்மா! கப்பலை எல்லாம் விட்டுட்டானுங்க! இனிமே பாரு, விலை சரசரன்னு இறங்கும்!" அவள் கையில் இருந்த கரண்டி தரையில் விழுந்தது. இன்னும் ஒரே ஒரு நாள் முறைத்துக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா இந்தப் படுபாவிகள் என்று வயிறு எரிந்தது. உலகமே சந்தோஷப்படுகிற நாளில் இப்படி நினைக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. பங்க்கில் விலை இறங்கியது. பாலத்து உச்சியில் அவர் கை சாவிப் பக்கம் போகவில்லை. செய்தி வந்த அன்றும் போகவில்லை, அடுத்து வந்த நாட்களிலும் போகவில்லை. எஞ்சின் பாட்டுக்குத் தடதடவென்று கூடவே இறங்கியது. "என்னைக்குங்க வந்தீங்க?" என்று ஒருநாள் அவர் காதோரம் கத்திப் பார்த்தாள். "என்ன வந்துச்சு?" என்று அவரும் கத்தினார். ராத்திரிச் சாப்பாட்டின்போது, "அன்னிக்குக் கடைக்கு வந்தேன்னு சொன்னீங்களே..." என்று டி.வி. சத்தத்துக்கு மேலே ஆரம்பித்தாள். "எந்தக் கடை? இந்நேரத்துக்கு எல்லாம் மூடியிருப்பான்" என்று கூடத்திலிருந்து மாமனார் குரல் வந்தது. கணவர் தட்டைப் பார்த்தபடி எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியைச் சர்வீஸுக்கு விட்டிருந்தார்கள். எடுக்கப் போனபோது அவருக்கு எங்கோ லிஃப்ட் நின்றுவிட்டதாக போன் வந்தது, பேசிக்கொண்டே வெளியே போனார். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே அவளிடம் வந்தான். "பேட்டரி வீக்கா இருந்துச்சுக்கா, மாத்திட்டேன். இனிமே இறக்கத்துல ஆஃப் பண்ணிப் போகவேணாம்னு அண்ணன்கிட்ட நீங்களாவது சொல்லுங்க. அதுல ஒரு சொட்டு கூட மிச்சமாகாது. தினம் நடுரோட்டுல நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் பண்ணா பேட்டரிதான் போகும்."

"அது அவருக்குத் தெரியாதாப்பா?"

"ஏன் தெரியாது? விலை ஏறின புதுசுலயே சொன்னேனே. எல்லாம் தெரியும்ப்பா, உன் வேலையப் பாருன்னுட்டாரு."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி விழுந்ததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெளியே வெயிலில் அவர் போனில் கத்திக்கொண்டிருந்தார். "பயப்படாதீங்க சார், உள்ள காத்து வரும், கதவை இழுக்காதீங்க, இதோ வந்துடறேன்." அடப்பாவி மனுஷா, அத்தனை நாளும் வண்டியை ஆஃப் பண்ணினது பெட்ரோலுக்காகவே இல்லையா? பேசுவதற்குக் கூச்சப்பட்டு அவ்வளவு பெரிய எண்ணெய்த் தகராறின் பின்னால் போய் ஒளிந்துகொண்டிருந்தாயா? விலை இறங்கியதும் சாக்குப் போய்விட்டது. சாக்கு இல்லாமல் சாவியைத் திருப்ப இந்த மனுஷனுக்கு வராது. இந்த ஜென்மத்தில் வராது.

திங்கட்கிழமை காலை பாலத்து ஏற்றத்தில் வண்டி முக்கி முனகி ஏறியது. உச்சி நெருங்கியது. எட்டி அவர் ஹெல்மெட்டை விரலால் தட்டினாள். "ஏங்க! பேச்சுவார்த்தை முறிஞ்சுபோச்சாம்! கப்பலை மறுபடி மறிச்சுட்டானாம்! விலை இன்னும் ஏறும்னு சொல்றாங்க!"

அவர் தலையை லேசாகத் திருப்பினார். "அப்படியா? அப்பா ஒண்ணும் சொல்லலியே. காலைல கூட நியூஸ் பாத்தாரே."

"அவருக்குச் சரியாக் கேட்டிருக்காது."

அவளுக்கு முன்னால் அவர் தோள் இரண்டு தடவை குலுங்கியது. உச்சி வந்தது. கை சாவிக்குப் போயிற்று. தடதடப்பு அடங்கி, சக்கரத்தின் சத்தமும் காற்றும் வந்தன. அவர் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டார்.

"அன்னிக்குக் கடைக்கு வந்தப்ப எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

அவள் முன்னால் சாய்ந்து காதைக் கொடுத்தாள். பின்னால் வந்த பஸ் பொறுமையிழந்து ஹாரன் அடித்துவிட்டு விலகிப் போனது. சைக்கிளில் போன ஒருவர்கூட அவர்களைத் தாண்டிப் போனார். அப்போதுதான் பார்த்தாள், அவருடைய இடது கை விரல்கள் பிரேக்கை மெல்லப் பிடித்துக்கொண்டிருந்தன.