தேம்வா மறுத்த நீர்

மறுகரை காணவொண்ணாது கிழக்கே விரிந்து கிடந்த நியாசா ஏரியின் நடுவிலிருந்து, காடெரிந்து எழும் புகையேபோல் ஏரிக்கொசுக்களின் கருந்தூண்கள் வான்முட்ட எழுந்து, தென்கீழ்க் காற்றுக்கு இசைந்து சாய்ந்து, கரையை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருந்த காலைப்பொழுது அது. அவற்றை வாரி, நசுக்கி, உண்ணும் அடையாகத் தட்டும் பொருட்டுக் கூடைகளோடு பெண்டிர் மணலில் ஓடினர். வலைவீசி மீண்ட ஆடவர் மரம் குடைந்த தோணிகளைக் கரையேற்றி, வெள்ளிச் சீவல்போல் மின்னும் உசிப்பா மீன்களை நாணல் தட்டிகளின்மேல் பரப்பினர். மரவள்ளிக் கிழங்கு ஊறும் குழிகளினின்று எழுந்த புளித்த மணமோ மாமரச் சோலைகளைக் கடந்து, புல்வேய்ந்த சிறு கோவிலினுள்ளும் தடையின்றிப் புகுந்தது. வெள்ளையர் ஆட்சி அந்நாட்டில் வேரூன்றி, அவர்தம் முதற் பெரும்போர் முடிந்து பத்தாண்டுகள் கழிந்திருந்தன.

கோவில் முற்றத்து மரக்கிளையில் தொங்கிய தண்டவாளத் துண்டொன்றைக் கல்லால் அடித்து ஊரை வழிபாட்டுக்கு அழைத்துக்கொண்டிருந்தார் எசேக்கியா லோங்வே. ஊரார் உபதேசியார் என்று விளிக்கும் அவருக்கு அகவை ஐம்பது. பதினாறாண்டுகளாக அவ்வூரில் நற்செய்தி உரைப்பவராயிருந்தார். காலையில் மன்றாட்டு, அதன்பின் திருமுழுக்குக்குக் காத்திருப்போர்க்கு வினாவிடைப் பாடம், வெயில் ஏறியபின் புண்ணுற்றோரின் கால்களை வெந்நீரால் கழுவி மருந்திடுதல், தெற்கே தொலைநாட்டுப் பொற்சுரங்கங்களுக்குச் சென்ற ஆடவர் விடுத்த மடல்களை அவர்தம் மனைவியர்க்குப் படித்துக் காட்டுதல், கிழிந்த வலைக்காக வழக்கிடுவோரை அமைதிப்படுத்துதல் என்று அவருடைய நாட்கள் ஆற்றொழுக்காய்ச் சென்றன. அவர் பற்று பொய்ப்பற்று அன்று. இறைவன் தம்மோடு நடக்கிறான் என்பதைத் தம் நிழல் தம்மோடு வருவதைப்போல் ஐயமின்றி நம்பியவர் அவர். இதனை முன்னரே உரைப்பது கடன். பின்வருவதைப் படிப்போர் அவரைப் போலி என்று எண்ணிவிடலாகாது.

திருமுழுக்குப் பெறுமுன்னர் எசேக்கியாவுக்கு மனைவியர் இருவர். முதல்வி, பின்னாளில் மார்த்தாள் என்று பெயர்பெற்ற மெலிந்த பெண். மற்றொருத்தி தேம்வா. அவருடைய தமையன் தோணி கவிழ்ந்து மாண்டபோது, குல வழக்கப்படி அவனுடைய கைம்பெண்ணைத் தம் இல்லத்துக்கு அழைத்துக்கொண்டார். நான்காண்டுகள் அவ்விரு பெண்டிரும் ஓர் உரலில் மாறிமாறி இடித்து, ஓர் அடுப்பில் சமைத்து, ஒருத்தியின் பிள்ளையை மற்றொருத்தி முதுகில் கட்டிச் சுமந்து வாழ்ந்தனர். தேம்வாவின் பிள்ளை காய்ச்சலில் இறந்தபோது அவளினும் மிகுதியாய் அழுதவள் மார்த்தாளே. பின்னர் மலைமேலிருந்த மறைத்தொண்டு நிலையத்தினின்று ஒழுங்கு வந்தது: திருமுழுக்குப் பெற விழைவோன் ஒரு மனைவியோடு மட்டுமே வாழவேண்டும். எசேக்கியா மூன்று நாள் உண்ணாதிருந்து மன்றாடி, நான்காம் நாள் தேம்வாவின் பானைகளைத் தாமே சுமந்துசென்று ஊரின் வடகோடியில் அவளுடைய தம்பி வீட்டில் இறக்கிவைத்தார். அதற்குப் பின் இருபதாண்டுகள் கழிந்தன.

நிலம் வெட்டித்தரக் கணவன் இல்லாதவள் உயிர்வாழ அக்கரையில் இருந்த வழி ஒன்றே. தேம்வா கேழ்வரகுக் கள் காய்ச்சினாள். கள் காய்ச்சுவோர் திருமுழுக்கு வகுப்பில் சேரலாகாது என்பது நிலையத்தின் மற்றோர் ஒழுங்கு. முதல் ஒழுங்கு அவளைக் கள்ளடுப்பின் முன் அமர்த்த, இரண்டாம் ஒழுங்கு அக்கள்ளின் பொருட்டே அவளைக் கதவுக்கு வெளியே நிறுத்தியது. எனினும் ஞாயிறுதோறும் அவள் வந்தாள். சுவரின் நிழலில், சாளரத்துக்கு நேர்கீழே, கால்நீட்டி அமர்ந்து, உள்ளே எழும் பாடல்களை வாய்க்குள் பாடினாள்.

"உள்ள இருக்கறவன்ல பாதிப்பேரு என் கள்ளைக் குடிச்சவன். குடிச்சுட்டு மன்னிப்புக் கேட்டு உள்ள போயிடுறான். காய்ச்சுனவ மட்டும் வெளிய" என்று அவள் உரக்கச் சொல்லி நகைக்கும்போது, உள்ளிருந்த ஆடவர் சிலர் பாட்டுப் புத்தகத்துள் முகம் புதைப்பர்.

ஆண்டுதோறும் ஊராரின் நிலைகுறித்து எசேக்கியா நிலையத்துக்கு அறிக்கை வரைய வேண்டும். தேம்வாவைப் பற்றி முதலாண்டு எழுதுங்கால் அவர் தயங்கினார். நல்லதாய் நான்கு சொல் எழுதினால், பழைய உறவு இன்னும் அறுபடவில்லை என்று திருச்சபை மூப்பர் ஐயுறுவரோ என்னும் அச்சம் அவரைக் கவ்வியது. ஆகவே கடுமையாய் எழுதினார். மறுமுறை அதனினும் கடுமையாய். மற்றைக் கள் வாணிகப் பெண்டிர்க்கு எழுதிய "நம்பிக்கையுண்டு" என்னும் சொல்லை அவளுக்கு மட்டும் ஒருகாலும் எழுதினாரல்லர்.

அவ்வாண்டு குளிர்காலம் கழிந்தபோது தேம்வாவின் நெஞ்சில் சளி கட்டிக் குருதியாய் வெளிப்பட்டது. கள்ளடுப்பு அணைந்து மூன்று திங்கள் ஆயிற்று. ஒருநாள் வழிபாடு முடிந்து எசேக்கியா களி உண்ண அமர்ந்தபோது, மார்த்தாள் தட்டை அவர்முன் வைத்துவிட்டுக் கையை எடுக்காமலே நின்று, மகன் பெயரால் அவரை விளித்தாள்.

"பெஞ்சமின் அப்பா, தேம்வா முழுக்குக் கேக்குறா."

"அவ பேரு வகுப்புல இல்லையே."

"பேரை எழுதுறது யாரு? நீங்கதானே?"

"ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கு, மார்த்தா. நான் ஊத்த முடியாது. ஆயர்தான் ஊத்தணும்."

"அப்ப போய்க் கேளுங்க. நடக்கத் தெரியும்ல? எனக்காகன்னு சொல்லித்தானே அவளை அனுப்புனீங்க. ஒரு வார்த்தை என்னைக் கேட்டீங்களா? இருபது வருஷமா அவளுக்கு மாவு கொண்டுபோய்க் குடுக்குறேன். அதையாவது கவனிச்சிருக்கீங்களா?"

எசேக்கியா அதனைக் கவனித்ததில்லை. களியைத் தொடாமலே எழுந்தார்.

நிலையத்துக்கு இரண்டு நாள் வழி. ஏரிக்கரை மணலில் ஒருநாளும், செங்குத்தான மலைச்சரிவில் ஒருநாளும் நடந்து, கால் வீங்கி, செங்கல் கட்டடத்து வாயிலை அவர் அடைந்தபோது, நெடிய கழுத்தும் நரைத்த புருவமும் உடைய வெள்ளை ஆயர் தாமே எழுந்துவந்து நீர் தந்தார். அவர் கொடியவர் அல்லர். அந்நாட்டு மொழியை அந்நாட்டார் போலவே பேசுபவர். தம் குழந்தைகள் இருவரை அம்மண்ணிலேயே புதைத்தவர். எசேக்கியா கூறியதை முற்றும் கேட்டபின், பேழையைத் திறந்து தாள்கட்டு ஒன்றை எடுத்துவந்து மேசைமேல் விரித்தார்.

"இது உங்க கையெழுத்துதானே, எசேக்கியா?"

"ஆமாங்கய்யா."

"பதினாறு வருஷம், பதினாறு தாளு. 'தேம்வா, கள் காய்ச்சுபவள், நெஞ்சு கடினப்பட்டவள், திருந்தும் குறி இல்லை.' ஒரு தடவைகூட மாத்தி எழுதல. உங்களை நம்பித்தானே நாங்க முடிவு பண்றோம்?"

"நான் எழுதுனது பொய்ங்கய்யா. அவ ஒரு ஞாயிறுகூடத் தவறுனது இல்ல."

"பொய்யா? அப்ப பதினாறு வருஷமாப் பொய் எழுதுனீங்களா, இல்ல பழைய பாசத்துல இப்பப் பொய் சொல்றீங்களா? மூப்பர்கிட்ட நான் எதைச் சொல்லட்டும்?"

எதைச் சொன்னாலும் தம் மறைத்தொண்டு போய்விடும் என்று அறிந்த எசேக்கியாவின் நெஞ்சம், அந்நிலையிலும் தேம்வாவை மறந்து ஒரு கணம் தன்னையே எண்ணிற்று. அக்கணத்தை அவர் இறுதிவரை மறந்தாரல்லர்.

"மூணு வாரத்துல மூப்பர் கூடுவாங்க. அப்பப் பார்ப்போம்" என்றார் ஆயர், இரக்கத்தோடே. "அதுக்குள்ள என்ன நடந்தாலும் பயப்படாதீங்க. தண்ணி இல்லாமலும் ஆண்டவரால காப்பாத்த முடியும்."

"எனக்கும் உங்களுக்கும் அது போதுங்கய்யா. நாம உள்ள இருக்கோம். அவ வெளிய உக்காந்திருக்காளே."

ஆயர் தாள்களை மீண்டும் கட்டினார்.

திரும்பும் வழியெல்லாம் எசேக்கியா ஒரு முடிவைத் தம்முள் வளர்த்தார். ஆயர் இசைந்தார் என்று பொய்கூறித் தாமே நீர் வார்த்துவிடுவது. வெளிப்பட்டால் வருவது வரட்டும். இரண்டாம் நாள் பிற்பகலில் வடகோடிக் குடிலை அடைந்தபோது, பாயில் காய்ந்த நாணல்போல் கிடந்தாள் தேம்வா. அருகே அமர்ந்து மார்த்தாள் விசிறியால் ஈயோட்டிக்கொண்டிருந்தாள். எசேக்கியா வாயிற்பானையில் சுரைக்குடுவையை அமிழ்த்தி நீர் முகந்து, குனிந்து உள்ளே நுழைந்தார். ஆயத்தம் செய்து வைத்திருந்த பொய், அவள் கண்களைக் கண்டதும் உதவாது போயிற்று.

"வேணாம்னுட்டாரு, இல்ல?" என்றாள் அவள்.

எசேக்கியா அனைத்தையும் கூறினார். தாள்களைக் கூறினார், அவற்றில் எழுதிய சொற்களையும், எழுதிய காரணத்தையும் கூறினார். மார்த்தாளின் விசிறி நின்றது.

"ஒழுங்கு கெடக்கட்டும். நானே ஊத்துறேன், தேம்வா. அந்தப் பாவம் என்மேல இருக்கட்டும்."

தேம்வா நகைத்தாள். நகை இருமலாகி, இருமல் அடங்க நெடுநேரம் ஆயிற்று.

"உன்மேலயா? அப்ப இதுவும் உனக்குத்தானா, உபதேசியாரே? என்னை வெளிய அனுப்புனப்ப உன் ஆத்துமாவுக்காக அனுப்புன. தாள்ல எழுதுனப்ப உன் பேருக்காக எழுதுன. இப்ப இந்தத் தண்ணியும் உன் மனசு ஆறத்தான் ஊத்துற. எனக்குன்னு நீ எதுதான் செஞ்ச?"

"தேம்வா..."

"எல்லாரும் பாக்க, வாசல் வழியா, என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு ஊத்துற தண்ணி எனக்கு வேணும். திருட்டுத் தண்ணி வேணாம். ஆண்டவரை எனக்குத் தெரியும். சுவத்துக்கு இந்தப் பக்கம் இருந்தே எல்லாப் பாட்டும் கேட்டிருக்கேன். நான் போய் அவர்கிட்டயே கேட்டுக்கறேன். நீ எடுத்துட்டுப் போ."

மார்த்தாள் எழுந்து குடுவையை அவரிடமிருந்து வாங்கி, தேம்வாவின் தலையைத் தன் மடியில் உயர்த்தி, உதட்டோடு பொருத்தினாள். "குடி, அக்கா" என்றாள். தேம்வா குடித்தாள்.

மூன்றாம் நாள் நண்பகலில் அவள் உயிர் பிரிந்தது. முழுக்குப் பெறாதவளுக்குக் கோவில் நிலத்தில் இடமில்லை. அவளுடைய தம்பியும் உறவினரும் தம் முன்னோர் உறங்கும் அடர்மரப் புதரில், முழவு அதிர, ஒப்பாரி ஓங்க அவளை அடக்கினர். திருக்கூட்டத்தார் செல்லலாகாத அவ்விடத்துக்கு எசேக்கியாவும் மார்த்தாளும் சென்றனர். அவர் மன்றாட்டு ஒன்றும் சொல்லவில்லை. மண்வெட்டி வாங்கி மண் தள்ளினார்.

மூப்பர் ஒருவர் இதனை நிலையத்துக்கு எழுதினார். முழவொலித்த அடக்கத்தில் உபதேசியார் நின்றார் என்றும், ஆயினும் சாவுப்படுக்கையில் கிடந்த பழைய மனைவி கேட்டும் அவர் ஒழுங்கை மீறி நீர் வார்க்கவில்லை என்றும் எழுதினார். ஆயர் முன்னதற்கு மெல்லக் கடிந்து, பின்னதற்கு வியந்து, தாள்கள் பொய் என்று எசேக்கியா அன்று சொன்னதைப் பாசத்தின் தடுமாற்றம் என்று தள்ளினார். பாசம் ஒருபால் இழுக்கக் கடமையின்பால் நின்ற மனிதர் என்று அவர் பெயர் மேலிடத்துக்குச் சென்றது. இரண்டாண்டுகளில் அக்கரையோரத்தின் முதற் கறுப்பு ஆயராக எசேக்கியா திருநிலைப்படுத்தப்பட்டார். மலைமேல் பெருங்கோவில் நிரம்பிய அந்நாளில், வெள்ளை ஆயர் அவருடைய தலைமேல் கைவைக்குமுன் அந்நிகழ்ச்சியை எடுத்துரைக்க, மக்கள் கண் கலங்கினர். நீரை விலக்கியவர் தாமல்லர், அவளே என்று கூற எசேக்கியா வாய் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார். பெண்டிர் வரிசையில் இருந்து மார்த்தாள் அவரையே இமையாது நோக்கியிருந்தாள்.

வீடு திரும்பும் மலைவழியில், முன்னே நடந்த அவள் திரும்பாமலே கேட்டாள்: "சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா இந்தப் பட்டம் கிடைக்காது. பட்டம் இல்லைன்னா அவளை மாதிரி இன்னொருத்தி கேக்கறப்ப யாரு ஊத்துவா?"

"நல்லாத்தான் பேசுறீங்க" என்றாள் மார்த்தாள். "தாள்ல எழுதுறப்பவும் இப்படி ஒரு நல்ல காரணம் இருந்திருக்கும்."

அதற்குப் பின் அவள் அதைப்பற்றி ஒருகாலும் பேசவில்லை. எசேக்கியா பதினெட்டாண்டுகள் ஆயராய் வாழ்ந்தார். கள் காய்ச்சுவோரையும் வகுப்பில் சேர்க்க மூப்பரோடு வழக்கிட்டு வென்றார். தம் கையால் எண்ணிறந்தோர்க்கு முழுக்களித்தார். ஏழையர் அவரைத் தந்தை என்றனர். அவர் பற்று அழியவில்லை. ஆனால் அதில் இருந்த இனிமை மட்டும் பால் திரிந்தாற்போல் திரிந்துவிட்டது. மன்றாட்டில் இறைவனிடம் பிறர்க்காக எதையும் கேட்டவர், தமக்கென்று ஒன்றையும் கேட்கத் துணிந்தாரல்லர்.

தீயோன் இழைக்கும் தீங்கு தீங்கென்றே தோன்றுதலின் ஊர் அதனைக் கண்டு அஞ்சும், கடியும், ஒருநாள் தீர்க்கவும் கூடும். நல்லோன் தன் நற்பெயருக்கு அஞ்சி இழைக்கும் தீங்கோ, நன்மையின் ஆடையே உடுத்து வருதலின், அதனை ஊர் எழுந்து நின்று வணங்கும். இழைத்தவன் ஒருவன் மட்டுமே அதன் உண்மை முகத்தை அறிந்து, அவ்வணக்கத்தை நாள்தோறும் குனிந்து ஏற்று, ஏற்குந்தோறும் சிறுத்துப்போவான். எசேக்கியா லோங்வே இறந்தபோது அவரைக் கோவில் நிலத்தின் நடுவே, கல்நட்டு, பெயர் பொறித்துப் புதைத்தனர். தேம்வாவைப் புதைத்த இடத்தை மரங்கள் மூடிவிட்டன. அதனைக் காட்டவல்லவள் மார்த்தாள் ஒருத்தியே. அவளையும் கேட்பார் இல்லை.