பெரியப்பாவுக்கு முதலிடம்

எங்கள் கலஹா தேயிலைத் தோட்டத்தில் ஒருத்தி கம்பஸுக்குப் போய்விட்டால் அதன் பிறகு அவளுக்கு வீட்டில் நிம்மதி கிடையாது. நான் பேராதனையில் விவசாய பீடத்தில் இரண்டாம் வருடம். சனிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கி உடுப்பு மாற்றுவதற்குள் யாராவது வந்துவிடுவார்கள். எங்கள் பிள்ளைக்கு எந்தப் படிப்பு நல்லது, எந்த கம்பஸில் ராகிங் இல்லை, எதைப் படித்தால் உடனே வேலை என்று கேட்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். ஆலோசனை கேட்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நான் தலையாட்டினால் போதும். எனக்கு இதற்கெல்லாம் பொறுமை இல்லை. அம்மாதான் தேத்தண்ணி கொடுத்துச் சமாளித்து அனுப்புவாள்.

கிருஷாந்தி அப்படிப்பட்டவள் இல்லை. எங்கள் லயத்து வரிசையிலேயே சில வீடுகள் தள்ளி இருப்பவள். இந்த முறை உயர்தரப் பரீட்சையில், உயிரியல் பிரிவில், எங்கள் தோட்டத்திலிருந்து நல்ல பெறுபேறு எடுத்தவள் அவள் ஒருத்திதான். மருத்துவத்துக்கு எட்டாது, ஆனால் மற்றப் பல படிப்புகளுக்கு எட்டும். பல்கலைக்கழக விண்ணப்பம் மூடுவதற்கு அந்த வாரம்தான் மிச்சம் இருந்தது. ஞாயிறு காலை போனோடு வந்து நின்றாள். எல்லாம் நிரப்பிவிட்டாளாம், அனுப்புவதற்கு முன் நான் ஒரு தடவை பார்க்க வேண்டுமாம்.

பார்த்தேன். விரும்பும் படிப்புகளை வரிசையாகப் போட்டிருந்தாள். முதலாவது தாதியியல். இரண்டாவது பேராதனையில் விஞ்ஞானம். மூன்றாவது சித்த மருத்துவம். நான்காவது கொழும்பில் விஞ்ஞானம். ஐந்தாவது விவசாயம். எல்லாவற்றுக்கும் கீழே, போனால் போகிறது என்பதுபோல, மிருக வைத்தியம்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. மிருக வைத்தியராகத்தான் ஆகப்போகிறேன் என்று பாவாடை சட்டைக் காலத்திலிருந்தே சொல்லிக்கொண்டு திரிந்தவள் இவள். தோட்டத்தில் எந்த மாடு கன்று போட்டாலும் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு போய் நின்று, திரும்பி வந்து அம்மாவிடம் அடி வாங்குவாள். அதைக் கொண்டுபோய்க் கடைசியில் போடுவாளா ஒருத்தி? இது என்ன ஒழுங்கு என்று கேட்டேன்.

"வயசுப்படி போட்டேங்க்கா" என்றாள்.

விளக்கமும் சொன்னாள். தாதியியல், பெரியப்பா கறுப்பையா சொன்னது. குடும்பத்துக்கே மூத்தவர், அதனால் முதலிடம். பேராதனையில் விஞ்ஞானம் அப்பா யோகராஜுடையது, படித்துவிட்டு டீச்சராகலாம். சித்த மருத்துவம் அம்மா அழகம்மாவுடையது. எந்த வைத்தியமாக இருந்தால் என்ன, பெயருக்கு முன்னால் டாக்டர் என்று வந்தால் சரி. கொழும்பு, அங்கே கடையில் வேலை செய்யும் ஜீவன் மாமாவுடையது. விவசாயம் நான் எப்போதோ போகிற போக்கில் சொன்னது. எனக்கும் இளையவள் அவள் என்பதால் அவளுடைய ஆசை எனக்கும் கீழே.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எங்கள் ஆட்களை எனக்குத் தெரியாதா? கோயிலில் திருநீறு வாங்குவதிலிருந்து கல்யாணக் கார்டில் பெயர் போடுவது வரை மூத்தவர்தான் முதலில். ஒருமுறை கார்டில் பெரியப்பா பெயர் இரண்டாவதாக விழுந்துவிட்டது என்று அத்தனையையும் அடுப்பில் போட்டுவிட்டு மறுபடி அச்சடித்த குடும்பம் அது. அந்தப் பழக்கத்திலேயே இவள் பல்கலைக்கழகத்துக்கும் நிரப்பி வைத்திருக்கிறாள். பட்டியல் முழுவதையும் பார்த்து, புள்ளிக்குத் தகுந்தாற்போல ஏதாவது நல்லதைக் கொடுப்பார்கள் என்று நினைத்தாளாம்.

அப்படி இல்லை என்று சொன்னேன். மேலே இருந்துதான் பார்த்துக்கொண்டு வருவார்கள். எதற்கு முதலில் புள்ளி போதுமோ அதைக் கொடுத்துவிடுவார்கள். அதற்குக் கீழே உள்ளதை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். தாதியியலுக்கு இவளுடைய புள்ளி தாராளமாகப் போதும். மிருக வைத்தியத்துக்கோ, போன வருடம் கண்டி மாவட்டத்து வெட்டுப்புள்ளி, அதாவது கடைசியாக இடம் கிடைத்தவரின் புள்ளி, இவளுடைய புள்ளியை உரசிக்கொண்டு நிற்கிறது. கிடைத்தாலும் கிடைக்கும், கைவிட்டாலும் விடும். ஆனால் அதை முதலில் போட்டால் ஒரு நட்டமும் இல்லை, கிடைக்காவிட்டால் அடுத்ததைப் பார்ப்பார்கள். கடைசியில் போட்டால் போடாததற்குச் சமம்.

அவள் முகம் செத்துப்போயிற்று. நானே மாற்றித் தருகிறேன், உன் வீட்டில் யார் இதைத் திறந்து பார்க்கப்போகிறார்கள் என்றேன். கேட்டால் என்ன சொல்வது என்றாள். கம்ப்யூட்டர் கொடுத்தது என்று சொல், முடிந்தது கதை என்றேன்.

அவள் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"டியூஷன் முடிஞ்சு வர்றப்ப மழையில கொடையோட பஸ் ஸ்டாண்டுல வந்து நிப்பாரு பெரியப்பா. அவருக்குத் தெரியாம அவரக் கீழ எறக்க என்னால ஏலாதுக்கா."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அப்படியென்றால் நர்ஸாகவே போ, என்னிடம் ஏன் வந்தாய் என்று கத்திவிட்டேன். அவள் போய்விட்டாள். மத்தியானம் சோறு இறங்கவில்லை. பின்னேரம் செருப்பை மாட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

அங்கே அவள் ஏற்கனவே ஆரம்பித்திருந்தாள். பெரியப்பா கதிரையில், அவள் அப்பாவும் அம்மாவும் நீள வாங்கில், ஜீவன் மாமா போனில். கிருஷாந்தி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, நான் காலையில் சொன்னதை அப்படியே ஒப்பித்துக்கொண்டிருந்தாள். மேலே பெரிய படிப்பைப் போட்டு அது தவறிவிட்டால் கீழே உள்ளதும் சேர்ந்து போய்விடும் என்று யாரோ சொன்னதாக அழகம்மா மாமி பயந்தார். அப்படி ஒன்றும் போகாது என்று நான் உறுதி சொன்னேன். பொம்பளைப் பிள்ளை மாட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டு தோட்டம் தோட்டமாகத் திரிவதா என்று அவள் அப்பா முணுமுணுத்தார். மாமா கொழும்பிலிருந்து கொழும்பைத்தான் சொன்னார். பெரியப்பா மட்டும் வாய் திறக்கவில்லை. கடைசியில் கிருஷாந்தி அவர் பக்கம் திரும்பினாள்.

"பெரியப்பா, ஒங்களக் கொஞ்சம் கீழ போட்டுக்கவா?"

கல்யாணக் கார்டு எரிந்த அடுப்பு அந்த வீட்டில்தான் இருக்கிறது. பெரியப்பா அவளையே பார்த்தார்.

"ஒன்னோடது எதுல இருக்கு?"

"கடேசில."

"அங்க போடச் சொல்லி யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நாந்தானே சின்னவ."

பெரியப்பாவின் மனைவி கண்டி ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்தபோது, வலி எங்கே என்று சிங்களத்தில் சொல்லத் தெரியாமல் தவித்தார். அதனால்தான் பெரியப்பா நர்ஸ் படிப்பில் நிற்கிறார் என்று லயம் முழுவதும் பேசிக்கொள்வோம். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். செத்துப்போன மனுஷிக்காகக் கேட்கிற ஆசையை யார் தள்ளிப்போடச் சொல்வது? அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எனக்குப் பேரு தெரிஞ்ச படிப்பே மூணுதான் புள்ள. டாக்டரு, டீச்சரு, நர்ஸு. டாக்டரு வராதுன்னுட்டீங்க. டீச்சர ஒங்கப்பன் எடுத்துக்கிட்டான். மிச்சம் இருந்தத நான் சொன்னேன். மாட்டுக்கு டாக்டராகுறதுக்கும் கம்பஸ்ல படிப்பு இருக்குன்னு எனக்கு யாரு சொன்னா?"

யாருமே சொல்லவில்லை. இத்தனை பேரும் மாறி மாறி அவளுக்கு ஆலோசனை சொன்னோம். ஆலோசனை சொல்கிறவருக்கு என்ன தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் வழி சொல்கிறேன் என்று அலுத்துக்கொள்கிற நானும் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, மறைக்கவும் முடியவில்லை.

"மொதல்ல ஒன்னோடதப் போடு" என்றார் பெரியப்பா. "மிச்சத்தயும் நீயே பாத்துப் போட்டுக்க. வயசெல்லாம் பாக்காத."

கிருஷாந்தியின் அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரியப்பா அவரை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

வாங்கில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கிருஷாந்தி வரிசையை மாற்றினாள். மிருக வைத்தியம் மேலே போயிற்று. இரண்டாவதாக விவசாயத்தைப் போட்டாள், அதிலும் கால்நடை இருக்கிறதாம். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. சித்த மருத்துவம் எங்கே என்று அழகம்மா மாமி எட்டி எட்டிப் பார்த்தார். பெரியப்பா ஐந்தாவது இடத்துக்கு இறங்கியிருந்தார். அது தெரிந்தும், சீக்கிரம் அனுப்பு, சிக்னல் போய்விடும் என்று அவர்தான் அவசரப்படுத்தினார்.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் காத்திருப்பு. நான் ஒவ்வொரு முறை வீட்டுக்கு வரும்போதும் பெரியப்பா வாசலில் நின்று, வெட்டுப்புள்ளி வந்துவிட்டதா என்று கேட்பார். எங்கே கற்றுக்கொண்டாரோ, அந்தச் சொல் அவர் வாயில் நன்றாகவே பழகியிருந்தது. எனக்கு உள்ளூரப் பயம். சொன்ன யோசனை பிழையாகிவிட்டால் யார் முகத்தில் விழிப்பது?

முடிவு வந்த அன்று நான் வீட்டில்தான் இருந்தேன். கிருஷாந்தி போனைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டைத் தாண்டி ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். பெரியப்பா லயத்துக்குப் பின்னால் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் கையில் இருந்த புல்லுக்கட்டைக் கீழே போட்டார்.

"எதக் குடுத்துருக்காங்க?"

"மொதலாவது."

"மொதலாவது யாரோடது?"

மூச்சு வாங்க நின்றவள் முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

"என்னோடது, பெரியப்பா."