வெள்ளைத் தவளையின் முதுகுக் கட்டி

கால்நடை டாக்டர் ஸ்ரீகண்டன் நாய்களிலேயே தராதரம் பார்ப்பவர். பொமரேனியன் வந்தால் எழுந்து நிற்பார். தெருநாயைத் தூக்கி வந்தால் கம்பவுண்டரைக் கைகாட்டுவார். அப்பேர்ப்பட்டவருடைய பெங்களூர் காக்ஸ் டவுன் கிளினிக்குக்கு, இரண்டாயிரத்து ஒன்றாம் வருட மழைக்காலத்தில், பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு தவளையைக் கொண்டுவந்தாள் சோஃபியா.

"ஏன் மேடம், கப்பேக்கெல்லாம் வைத்தியமா?" என்றார். தவளை என்பதைக் கன்னடத்தில் சொன்னால்தான் அவருக்கு இளக்காரம் முழுதாக வரும்.

சோஃபியா சிரிக்கவில்லை. பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கும் பள்ளி ஆசிரியை அவள். ரஸ்ஸல் மார்க்கெட்டில் வாங்கிய அந்த வெள்ளைத் தவளைக்குத் துரை என்று பெயர். பல வருடமாக வீட்டில் அவளுக்குத் துணை அது ஒன்றுதான். அதன் முதுகில் மிளகளவு இருந்த கட்டி இப்போது புளியங்கொட்டை அளவுக்கு வந்துவிட்டது, சாப்பாடும் குறைந்துவிட்டது. புற்றோ என்று பயந்து தூக்கமில்லாமல் கிடந்தாள். ஊசியால் கொஞ்சம் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம், மருந்து கலந்த தண்ணீரில் மயங்கவைத்துக் கட்டியை வெட்டியெடுக்கலாம் என்று சைபர் கஃபேயில் படித்ததைச் சொன்னாள். ஈரக்கையால்தான் தொட வேண்டும், தோலில் எதையும் தடவக் கூடாது என்று இரண்டு முறை சொன்னாள்.

தனக்கே ஒரு டீச்சர் பாடம் எடுப்பதா என்று ஸ்ரீகண்டனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேச்சுக்குத் தலையாட்டினார். ஊசியால் கொஞ்சம் எடுத்து லேபுக்கு அனுப்பினால் சனியன் விட்டது என்று நினைத்தார். ஊசியை எடுத்தால் ஸ்பிரிட் பஞ்சையும் எடுப்பது அவர் கைக்கு ஊறிய பழக்கம். எடுத்தார். சுத்தத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று காட்ட வேண்டாமா, முதுகு முழுக்க அழுத்தித் துடைத்தார்.

சோஃபியா அவர் கையைத் தட்டிவிட்டுத் துரையைத் தண்ணீரில் விட்டாள். அது காலை உதறியது. முதுகு சிவந்தது. தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில் துரை மல்லாந்து மிதந்தது.

ஸ்ரீகண்டன் தொண்டையைச் செருமிக்கொண்டார். கேன்சர் முற்றிப்போயிருந்தது, தான் தொடாவிட்டாலும் போயிருக்கும் என்றார். அப்படியானால் கட்டியை வெட்டிக் காட்டுங்கள் என்றாள் அவள். நகர மறுத்து நின்றாள். வேறு வழியில்லாமல் கத்தியை வைத்தார். தெளிந்த நீர் வழிந்து கட்டி வற்றிப்போனது. வெறும் நீர்க்கட்டி. ஊசியைக் குத்தியிருந்தாலே வடிந்திருக்கும்.

சோஃபியா கண்ணைத் துடைத்துக்கொண்டு டப்பாவை மூடினாள்.

"தவளை தோலாலதான் தண்ணி குடிக்கும், தோலாலயும் மூச்சு விடும். எட்டாங்கிளாஸ் பசங்களுக்கு நான் சொல்லித்தர்ற பாடம் டாக்டர் இது. தெரியாதவனை பெஞ்சு மேல ஏத்துவேன். உங்களை எங்க ஏத்தறது?"

தெரியாது என்று சொல்லித் தப்பிக்கக்கூட ஸ்ரீகண்டனுக்கு வழியில்லை. அந்தப் பாடம் அவருக்கும் தெரிந்ததுதான்.